ஐந்தாவது சிலிண்டரின் பெயர் ரோமுலோ

நேலிடா முய்பாவுக்குத் தம்பிகள் ஆறு பேர். அவள் ஓட்டுகிற செஸ்னா என்கிற குட்டி விமானத்தின் எஞ்சினுக்கும் சிலிண்டர்கள் ஆறு. இந்தப் பொருத்தம் பல வருஷம் அவள் கண்ணில் படவே இல்லை. முன்பெல்லாம் எஞ்சின் சூட்டுக்கு ஒரே ஒரு முள்தான் இருந்தது. அது ஒரு சிலிண்டரின் சூட்டை மட்டும் காட்டும். மற்ற ஐந்தும் என்ன பாடு படுகின்றன என்பது ஆண்டவனுக்கும் மெக்கானிக் சோய்லோவுக்கும்தான் தெரியும். அதுவும் சோய்லோவுக்குப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரியும். அப்புறம் ஒரு வருஷம் விமானக் கம்பெனி முதலாளி மனமிரங்கி, ஆறு சிலிண்டரின் சூட்டையும் அவை கக்குகிற புகையின் சூட்டையும் தனித்தனியாகக் காட்டுகிற சின்னத் திரை ஒன்றை வாங்கிப் பொருத்தினார். ஆறு கோடுகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி வரிசையாக நின்றன. நேலிடா அதைப் பார்த்த முதல் நாளே, "இது எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கே" என்றாள்.

அன்றே பேரும் வைத்துவிட்டாள். ஒன்றாம் நம்பர் சத்துர்னினோ, இரண்டு ஓவிதியோ, மூன்று ஃபவுஸ்தோ. நாலாம் நம்பர் லிசார்தோ எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அசல் லிசார்தோவும் வேலை செய்து வியர்த்ததை அவர்கள் ஊரான திரினிதாத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆறாம் நம்பர் கடைக்குட்டி பெனிக்னோ. ஐந்தாம் நம்பர்தான் ரோமுலோ. மற்றவை முந்நூற்று ஐம்பது டிகிரியில் சாதுவாக நிற்கும்போது அது மட்டும் முந்நூற்று எண்பதில் நின்று முறைக்கும். அசல் ரோமுலோவும் அப்படித்தான். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு கழுத்து, கடைசியில்தான் வாய் திறக்கும்.

அசல் ரோமுலோவுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அக்கா விமானம் ஓட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷத்தில் அவன் ஒருநாள்கூட அதில் கால் வைத்ததில்லை.

அவன் தச்சன். கட்டிலும் செய்வான், சவப்பெட்டியும் செய்வான். ஊரில் சவப்பெட்டிக்கு அவன் கைதான் என்பார்கள். விழுந்துபோன விமானங்களின் பைலட்டுகள் இரண்டு பேருக்கு அவன் பெட்டி செய்திருக்கிறான். அதனால் விமானத்தைப் பற்றித் தனக்கு உள்விவரம் தெரியும் என்பது அவன் கட்சி. நேலிடா லைசென்ஸ் வாங்கிய அன்று வீட்டில் மாட்டு வால் சூப் வைத்து எல்லோரும் கூடிச் சாப்பிட்டபோது, அவன் மட்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

நேலிடா அந்த இடத்துக்கு வந்த பாதையும் நேர்ப்பாதை இல்லை. அம்மா சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருந்ததால் ஆறு பேருக்கும் சமைத்துப் போட்டவள் அவள்தான். பத்தொன்பது வயதில் ஒரு விமானக் கம்பெனி ஆபீசில் ரேடியோ கேட்கிற வேலைக்குப் போனாள். பண்ணைக்காரர்கள் காலையும் மதியமும் ரேடியோவில் வந்து "உப்பு அனுப்பு", "டாக்டரை அனுப்பு", "மாமியாரைத் திருப்பி எடுத்துக்கோ" என்றெல்லாம் கேட்பார்கள். அவள் குறித்துக்கொள்வாள். சும்மா இருக்கும் நேரத்தில் சோய்லோவுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஸ்பானர் பிடித்தாள். அப்புறம் விமானங்களைக் கழுவிக்கொடுத்து, பதிலுக்குப் பறக்கக் கற்றுக்கொண்டாள். முப்பத்தோரு வயதில் லைசென்ஸ்.

அவள் பறப்பதில் சாகசம் எதுவும் கிடையாது. மற்ற பைலட்டுகள் நதி மேலே தாழப் பறந்து முதலைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வருவதாகப் பீற்றிக்கொள்வார்கள். அவள் கர்வமெல்லாம் ஒரு சிவப்புப் பிடியில் இருந்தது. எஞ்சினுக்கு எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கிற பிடி அது. கீழே இருக்கும்போது முழுக்க உள்ளே தள்ளி வைக்க வேண்டும். மேலே ஏறியதும் காற்று மெலியும். பெட்ரோலையும் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் எஞ்சின் விக்கும், ஸ்பார்க் பிளக்கில் கரி பிடிக்கும். அரைகுறையாகக் குறைத்துவிட்டு எஞ்சினை விரட்டினால் சிலிண்டர் வெந்துபோகும். நேலிடா இரண்டு விரலால் அந்தப் பிடியைத் திருகித் திருகி, நகக்கண் அளவு நகக்கண் அளவாக வெளியே இழுப்பாள். திரையில் புகைச் சூட்டின் கோடுகள் ஒவ்வொன்றாக எழும். எது முதலில் உச்சம் தொடுகிறது என்று பார்த்து, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துவாள். அந்த நேரத்தில் பயணி யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. அதற்குப் பதில் சிலிண்டர்களோடு பேச்சு வரும். "ஃபவுஸ்தோ, மெல்ல. பெனிக்னோ, நீ நல்ல பிள்ளை."

அந்த பிப்ரவரியில் வெள்ளம் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டது. திரினிதாத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோடு தண்ணீருக்குள் போய்ச் சேர்ந்தது. மாடுகள் மேடுகளில் நெருக்கியடித்து நின்றன. அந்த நேரம் பார்த்து, வடக்கே சாந்தா ரோசிதா பண்ணையில் ரோமுலோவின் ஞானமகள் அசுன்த்தாவுக்குக் கல்யாணம். கல்யாணச் செலவை ஞானத்தந்தைகள் பங்குபோட்டுக்கொள்வது அங்கே வழக்கம். கேக்குக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று பங்கு பிரித்ததில், கட்டில் ரோமுலோவுக்கு வந்தது. படகில் போனால் மூன்று நாள். கல்யாணமோ நாளைக்கு.

வெள்ளிக்கிழமை காலை ரோமுலோ கட்டிலைப் பிரித்து, பலகைகளைப் போர்வையில் சுற்றி, ஒரு மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்து நின்றான். காது ஏற்கெனவே லேசாகச் சிவந்திருந்தது.

"கட்டிலை மட்டும் கொண்டுபோயேன்" என்றான்.

"அங்க யாரு மாட்டுவா? மாப்பிள்ளையா? முதல் ராத்திரி கட்டில் உடைஞ்சா உன் பேருதான் கெடும்."

அவன் யோசித்தான். தொழில் மானம் ஜெயித்தது. "பெல்ட் எங்க?" என்று கேட்டபடி ஏறி உட்கார்ந்தான். நேலிடா அவன் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அதில் வாய்க்கு நேரே வரவேண்டிய மைக்கை அவன் தொந்தரவாக இருக்கிறதென்று நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டான். அதை அவள் கவனிக்கவில்லை.

கிளம்பியது நன்றாகத்தான் கிளம்பியது. ஐயாயிரம் அடியில் விமானத்தை நேராக்கிவிட்டு, நேலிடா சிவப்புப் பிடியைத் திருக ஆரம்பித்தாள். கீழே தண்ணீரில் வானம் கிடந்தது. ரோமுலோ கண்ணை மூடிக்கொண்டு கர்த்தர் ஜெபத்தில் பாதி வழியில் இருந்தான். அப்போது காதுக்குள் அக்காவின் குரல் கேட்டது.

"என்னடா ரோமுலோ, இன்னைக்கு என்ன உனக்கு?"

"ஒண்ணுமில்லையே" என்றான் அவன். மைக் நெற்றியில் இருந்ததால் அந்த பதில் எஞ்சின் சத்தத்தில் கரைந்துபோனது.

"இப்பவே இப்படிச் சூடானா எப்படிடா? இன்னும் பாதி தூரம்கூட வரல."

"நான் சூடாகல. பயந்துபோய் உக்காந்திருக்கேன்."

"மத்த அஞ்சு பேரும் ஒழுங்கா இருக்கானுங்க. உனக்கு மட்டும் என்ன கேடு?"

ரோமுலோ கண்ணைத் திறந்தான். முப்பது வருஷமாக அந்த வீட்டில் கேட்டு வந்த கேள்வி அது. அக்கா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த திரையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுலேர்ந்தே நீ இப்படித்தான்" என்றாள் அவள். "சரி, இந்தா, கொஞ்சம் குடி." சிவப்புப் பிடியை உள்ளே தள்ளினாள்.

"போன வருஷக் கார்னிவல் திருவிழாவுக்கு அப்புறம் நான் சாராயம் தொடறதே இல்ல" என்றான் ரோமுலோ, நிஜமாகவே மனம் புண்பட்டு.

"குடிச்சும் அடங்கலையே. நானூத்தி பத்து. டேய், இப்படியே போனா உன்னைக் கழட்டித்தான் போடணும்."

அங்கேதான் ரோமுலோவின் கழுத்தும் சிவந்தது. அவன் கையை ஆட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்தினான். நேலிடா திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி அவன் மைக்கை வாய்க்கு நேரே இழுத்துவிட்டாள். "-யாரைக் கழட்டிப் போடுவ? பெத்த அம்மாகூட என்னை இப்படிப் பேசினதில்ல" என்ற கடைசிப் பாதி மட்டும் அவள் காதில் வந்து விழுந்தது.

"உன்னை இல்லடா. அஞ்சாம் நம்பர் சிலிண்டரை."

"ரோமுலோன்னு கூப்பிட்டியே."

"அதுக்கு அந்தப் பேரு."

"எதுக்கு என் பேரு?"

"சூடாகும்."

அவன் அதை ஜீரணிப்பதற்குள் திரையில் ஐந்தாவது கோடு நானூற்று இருபத்தைந்தைத் தொட்டுவிட்டது. எஞ்சின் செய்த கம்பெனி போட்ட சிவப்பு எல்லை நானூற்று அறுபது. ஆனால் நேலிடாவுக்கு நானூறே எல்லை. அவள் பெட்ரோலை முழுக்கத் திறந்துவிட்டாள், எஞ்சினின் அடிவயிற்றுக் கதவுகளைக் காற்றுக்குத் திறந்தாள், வேகத்தைக் குறைத்து மூக்கைக் கீழே சாய்த்தாள். மற்ற ஐந்துக்கும் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய், விமானம் கிழட்டுக் குதிரை மாதிரி உதறிக்கொண்டது. ஐந்தாவது நானூற்று ஐந்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"விழப்போறோமா?" என்று கேட்டான் ரோமுலோ. ஆச்சரியம், குரலில் கோபம் இல்லை.

"இல்ல. இறங்கப்போறோம். அதோ தெரியுது பாரு, லாஸ் கார்சாஸ் பண்ணை. பசிலியோ இருப்பார்."

"இது விழறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இறங்கினா பசிலியோ ஏதாவது குடிக்கக் கொடுப்பார்."

லாஸ் கார்சாஸ் ஓடுதளம் தண்ணீருக்கு நடுவே ஒரு புல்மேடு. அதில் எழுபது மாடுகள் உட்கார்ந்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நேலிடா ஒருமுறை தாழப் பறந்து சுற்றினாள். பண்ணையைக் காவல் காக்கிற பெரியவர் பசிலியோ சேணம் போடாத குதிரையில் ஓடிவந்து, தொப்பியால் அடித்து மாடுகளை ஒதுக்கினார். விமானம் இறங்கி, சேற்றை வாரியடித்து நின்றது. ரோமுலோ கீழே இறங்கி, முதல் வேலையாக ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

எஞ்சின் கை வைக்கிற சூட்டுக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். பசிலியோ மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து இரண்டு சுரைக்குடுவையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரேடியோவுக்கு பேட்டரி தேடப் போனார். அக்காவும் தம்பியும் இறக்கை நிழலில் உட்கார்ந்தார்கள். ரோமுலோ குடுவையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"திட்டுவேன். சொல்லு."

"நீ லைசென்ஸ் வாங்கின மறுநாள் நான் ஊர்லயே உசத்தியான மாரா மரத்துல பலகை வாங்கினேன். ஒரு முடிச்சு கெடையாது, ஒரு வெடிப்பு கெடையாது. வாங்கி மேல பரண்ல வெச்சேன்."

"எதுக்கு?"

அவன் மாட்டைப் பார்த்தான். மாடு அவனைப் பார்த்தது. நேலிடாவுக்கு மெல்லப் புரிந்தது.

"எனக்கா?"

"உனக்குச் சுமாரான மரம் போட மனசு வரல."

நேலிடாவுக்கு முதலில் அவனை அந்தக் குடுவையாலேயே அடிக்கலாம் போலிருந்தது. பதினோரு வருஷம் அவள் மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறாள், இவன் கீழே பெட்டிக்கு மரத்தை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். ஆனால் அவன் முகம் அடிக்கிற மாதிரி இல்லை. எட்டு வயதில் அவள் தட்டிலிருந்து கறியைத் திருடி மாட்டிக்கொண்ட முகமாக இருந்தது.

"என் அளவு எப்படித் தெரியும் உனக்கு?"

"கண்ணளவுதான். அப்ப நீ ஒல்லியா இருந்த."

"இப்பன்னா பத்தாதா?"

"பத்தாது" என்றான் அவன், தச்சனின் நேர்மையோடு.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்துவிட்டான். கரைத்த மாவு மூக்கில் ஏறி இருமினான். அவள் முதுகில் தட்டினாள்.

"அந்தப் பலகை இன்னும் பரண்லதான் இருக்கா?"

ரோமுலோ மோவாயால் விமானத்தின் வயிற்றைக் காட்டினான். "வருஷா வருஷம் எறக்கித் துடைச்சு வெப்பேன். போன மாசம் அசுன்த்தா கட்டில் கேட்டா. வேற நல்ல மரம் கெடைக்கல. அதான்."

"வேற காரணம் ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

அவன் காது இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. நேலிடா அதற்கு மேல் கேட்கவில்லை. அவன்தான் சொன்னான், "பொண்ணுகிட்ட சொல்லிடாத."

"பைத்தியமா எனக்கு?"

பசிலியோ டிராக்டர் பேட்டரியை ரேடியோவோடு இணைத்துவிட்டுக் கூப்பிட்டார். மதிய நேரம், சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பண்ணைகளிலும் ரேடியோ திறந்திருக்கும் நேரம். நேலிடா திரினிதாத்தில் இருந்த சோய்லோவைப் பிடித்தாள்.

"மேஸ்திரி, ரோமுலோ மறுபடி சூடாயிட்டான். நானூத்தி இருபத்தஞ்சு. பாதி வழியில இறக்கிட்டேன்."

"சூடு மட்டும்தானா? புகை எப்படி?" என்றது சோய்லோவின் குரல்.

"அதுவும் மத்தவனுங்களோட சேரல. தனியா நிக்குது."

"அப்ப காத்து இல்லம்மா, அடைப்பு. காத்துக்கோளாறுன்னா சூடு மட்டும்தான் ஏறும். ரோமுலோவுக்கு அடைச்சிருக்கு, உள்ள போகவேண்டியது போகல. முனையைக் கழட்டி பெட்ரோல்ல ஊறப்போடு. கம்பி விட்டுக் குத்தாத, ஓட்டை பெருசாயிடும்."

"குத்தல. ஊதறேன்."

"பின்னாலேருந்து ஊது."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரோமுலோ மெல்ல இரண்டடி தள்ளி நின்றான். அப்போது ஏதோ ஒரு பண்ணையிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கே வந்தது. "பாவமே, எந்த ரோமுலோ? பெட்டி செய்யற ரோமுலோவா?"

"பேரு அதேதான் அம்மணி, ஆனா ஆளு..." என்று நேலிடா சொல்லும்போதே பேட்டரி உயிரை விட்டது. பசிலியோ அதை இரண்டு உதை உதைத்துப் பார்த்தார். பிரயோஜனமில்லை.

ஐந்தாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் பீச்சுகிற முனை, ஒரு பெரிய சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். நேலிடா அதைக் கழற்றித் தகரக் குவளையில் பெட்ரோலில் ஊறவைத்தாள். பசிலியோவிடம் ஒரு பழைய சைக்கிள் பம்பு இருந்தது. சைக்கிள் வெள்ளத்தில் போய்விட்டது, பம்பு மிச்சம். ரோமுலோ பம்பு அடித்தான், அவள் முனையைப் பிடித்தாள். நாலாவது அடியில், கண் இமை முடியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு ரப்பர் பிசிறு வெள்ளைத் துணியில் வந்து விழுந்தது.

ரோமுலோ குனிந்து வெகுநேரம் அதைப் பார்த்தான். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"நீயும் இப்படித்தான். எவ்வளவு சின்ன விஷயத்துக்கு எத்தனை நாள் பேசாம இருந்திருக்க."

முனையை மாட்டும்போது அவள் கேட்காமலே அவன் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். எந்தப் பெட்ரோல் குழாயிலிருந்து ரப்பர் உரிந்தது என்று பார்க்கிற வேலை, விமானம் திரினிதாத் திரும்பியதும் சோய்லோவுக்கு இருந்தது. மற்ற ஐந்து முனைகளையும் அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பெட்ரோல் வடிகட்டியையும் திறந்து துடைத்தாள். எஞ்சினைத் தரையில் கால் மணி நேரம் ஓட்டினாள். ஆறு கோடுகளும் அடங்கி நின்றன. ஐந்தாவது வழக்கம்போல ஒரு பிடி உயரமாக.

பசிலியோ மறுபடி மாடுகளை ஒதுக்கினார். இந்த முறை ரோமுலோ கண்ணை மூடவில்லை. மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஐந்தாம் நம்பரின் சூட்டை உரக்க வாசித்தான். "முந்நூத்தி எழுபது. முந்நூத்தி எழுபத்திரெண்டு. அக்கா, எழுபத்திமூணு."

"டேய், அது நிக்கற இடம்தான் அது."

"சொல்லணுமில்ல. என் பேருல்ல."

சாந்தா ரோசிதாவில் இறங்கியபோது ஓடுதளத்தின் ஓரத்தில் முப்பது பேர் நின்றார்கள். மாலை, மேளம் எதுவும் இல்லை. முன்னால் நர்ஸ் ப்ராக்செதெஸ் நின்றாள், ஒரு கையில் வயிற்றுக்கான பாய்கோ இலைக் கஷாயம், இன்னொரு கையில் எனிமா குவளை. மணப்பெண் அசுன்த்தா தலையில் முடி சுருட்டுகிற உருளைகளோடு அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா அடைப்பு?" என்று கேட்டாள் ப்ராக்செதெஸ்.

"அது நான் இல்ல" என்றான் ரோமுலோ. "அது வேற ரோமுலோ. சிலிண்டர்."

ப்ராக்செதெஸ் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஜுரத்துல பினாத்தறான். காதெல்லாம் எப்படிச் சிவந்திருக்கு பாரு." நேலிடாவைப் பார்த்து, "நீ சொல்லு கேப்டன், இவன்தானே ரோமுலோ?"

"இவன்தான்" என்றாள் நேலிடா. பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

எனிமாவிலிருந்து தப்பிக்க ரோமுலோ மூன்று குவளைக் கஷாயம் குடிக்க வேண்டியிருந்தது. அதன் பலனாகக் கல்யாண விருந்தில் வறுத்த வாழைக்காய், உப்புக்கண்டம், பன்றிக்கறி எல்லாம் மற்றவர்களுக்குப் போக, அவனுக்கு வெறும் சாதமும் அனுதாபமும் கிடைத்தன. யார் யாரோ வந்து தங்கள் அடைப்புக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டிலை மட்டும் அவன் யாரையும் தொடவிடாமல் தானே மாட்டினான். மாட்டி முடித்ததும் அசுன்த்தா பலகையைத் தடவிப் பார்த்து, "ஞானப்பா, இந்த மாதிரி மரம் இப்பல்லாம் கெடைக்கறதே இல்லையாமே" என்றாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். வாசலில் நின்ற நேலிடா திரும்பிக்கொண்டு முற்றத்துக் கோழிகளை எண்ண ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் படகு தருவதாகச் சொன்னார். ரோமுலோ படகைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான். "படகுல மூணு நாள் ஆகும், கடையில வேலை கெடக்கு" என்று, யாரும் விளக்கம் கேட்காதபோதே சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான். ஐயாயிரம் அடிக்கு வந்தபோது ஐந்தாம் நம்பரின் சூட்டை யாரும் வாசிக்கக் காணோம். நேலிடா திரும்பிப் பார்த்தாள். மூன்று நாள் களைப்பும் வெறும் சாதமும் சேர்ந்து, அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிப்போயிருந்தான்.

பெட்ரோலைக் குறைக்கிற நேரம் வந்துவிட்டது. பிடியை வழக்கமான வேகத்தில் இழுத்தால் எஞ்சின் சத்தம் மாறும், அவன் விழித்துக்கொள்வான். அதனால் நேலிடா இரண்டு விரலால் அதை அரைத் திருகு திருகுவதும், நிறுத்துவதும், தம்பியின் முகத்தைப் பார்ப்பதும், மறுபடி அரைத் திருகு திருகுவதுமாக, வழக்கமாக இரண்டு நிமிஷம் பிடிக்கிற காரியத்துக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள்.